நீர்க்கோழியின் ஓட்டு

அன்றைய கூட்டக் குறிப்பை எழுதியவன் நான்தான். ஆகவே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னைத்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் முன்னே பின்னே சொல்வார்கள். நான் மணி, நிமிடத்தோடு சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் ஊரில் மூன்று வருடங்களாக அனைத்துயிர் அவை நடக்கிறது. மனிதர்கள் தாங்களாகக் கூடிப் பேசி ஊரைக் கெடுத்தது போதும், இனிமேல் ஏரி, மரம், மீன், நண்டு, பறவை, எலி எல்லாவற்றையும் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல எண்ணம்தான். திறப்பு விழாவில் நானும் கை வலிக்கத் தட்டினேன். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் அவருக்காகப் பேசும் மனிதப் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலி. ஏரியின் நாற்காலியில் ஒரு குடுவை ஏரித் தண்ணீர் இருக்கும். மீனின் நாற்காலியில் கண்ணாடித் தொட்டி. எலியின் நாற்காலி எப்போதும் காலி. எலி கூப்பிட்டால் வருவதில்லை, கூப்பிடாத நேரத்தில் என் மேசை இழுப்பறைக்குள் இருக்கும்.

முதல் வருடம், பேசாத உறுப்பினர் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம். அதன் விளைவாக ஒரே பிற்பகலில் நாற்பது மரங்கள் தங்களை வெட்டிக்கொள்ள ஏகமனதாகச் சம்மதித்தன. அந்த இடத்தில் பிரதிநிதிகளின் கார்கள் நிற்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. உடனே ஏழாம் விதியைத் திருத்தினார்கள். பேச இயலாத உறுப்பினர் மூன்று நிமிடத்துக்குள் எந்தச் சைகையும் காட்டாவிட்டால் அது மறுப்பு என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் அவையில் எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. "இரண்டு வருடத்தில் இந்த அவை ஒரு தவறான முடிவுகூட எடுத்ததில்லை" என்று தலைவர் மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மதகுக்காரர் இந்த விவகாரத்துக்குள் வந்து விழுந்தது ஒரு படிவத்தால். ஏரிக்கரையில் உபரி நீரைத் திறந்துவிடும் மதகு இருக்கிறது. அதன் இரும்புக் கதவை ஏற்றி இறக்கும் சக்கரத்துக்கு இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் காவல். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் கிரீஸ் கறையோடு திரிகிற மனிதர். தண்ணீருக்குப் பயப்பட மாட்டார், காகிதத்துக்குப் பயப்படுவார். மாதம் ஒரு முறை ஒரு படிவத்தை நிரப்பி என்னிடம் கொடுப்பார். அதன் கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம். உலகத்தில் எல்லோரும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவார்கள். அவர் எழுதினார்: 'சக்கரத்துக்கு அடியில் நீர்க்கோழி கூடு கட்டி ஐந்து முட்டை இட்டிருக்கிறது. தொந்தரவு இல்லை.'

படித்ததும் எனக்கே பகீரென்றது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் கொடுத்திருக்கலாம். நான் எண் போட்டு, முத்திரை குத்தி, மேலே அனுப்பினேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்த வாரம் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி, பூட்டி, பூட்டின்மேல் சிவப்பு அரக்கு வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'உறுப்பினர் குடியிருப்பு. அவையின் ஒப்புதலின்றிச் சக்கரத்தைத் தொடுவது வேலை நீக்கத்துக்குரிய குற்றம்.'

மதகுக்காரர் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், கூட்டை ரெண்டு அடி தள்ளி வச்சா அது பாட்டுக்கு இருக்கும். தினம் என்னைப் பாக்குது, பழகிடுச்சு. நானே மாத்தி வச்சிடறேன்."

"உங்களுக்கு அதிகாரம் இல்லையே" என்றேன்.

"அதிகாரம் இல்ல சார். பழக்கம் இருக்கு."

பழக்கத்துக்கு எந்த விதியிலும் இடம் இல்லை என்று விளக்கி அனுப்பினேன்.

அப்புறம் மழை பிடித்தது. முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் குடை ரிப்பேர்க்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் காலையில் ஏரியின் அளவுகோல் பன்னிரண்டரை அடி காட்டியது. பதினான்கு அடிக்குமேல் கரை தாங்காது. அதுவும் கரை நல்ல நிலையில் இருந்தால். கரையில் நண்டு வளைகள் நாற்பத்து மூன்று இருந்தன. அவற்றை அடைக்க நண்டுகளின் சம்மதம் கேட்டுப் போட்ட மனு ஒன்றரை வருடமாக நிலுவையில் இருந்தது.

கரைக்கு நேர் கீழே பள்ளத் தெரு. நாற்பத்தொரு வீடுகள். முதல் வீட்டு வாசலில் மதகுக்காரரின் அக்கா இஸ்திரிக் கடை போட்டிருக்கிறார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். இன்றைக்கும் அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டும் உரிமை உள்ள ஒரே ஆள். அந்தத் தெருவாசிகளை ஏற்றிக்கொண்டு போக ஊருக்குச் சொந்தமான ஒரு லாரி உண்டு. அதன் இன்ஜினில் அணில் குடியிருப்பதால் அதுவும் விசாரணையில் இருந்தது.

அவசரக் கூட்டத்துக்கு உத்தரவானது. உறுப்பினர்களுக்கு நேரில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால் நான் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்து நோட்டீஸை உரக்கப் படித்தேன். ஓர் அலை வந்து என் செருப்பைக் கொண்டுபோனது. 'பெற்றுக்கொண்டார்' என்று குறித்தேன். பிறகு நண்டுகளுக்காகக் கரையோடு நடந்தேன். முதல் வளை காலி. இரண்டாவதும் காலி. முப்பது வளை பார்த்த பிறகும் ஒரு நண்டு இல்லை. நிமிர்ந்து பார்த்தால், சாலையின் குறுக்கே வரிசையாக, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூட மேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிட்டார்.

மதகுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகுதுங்க, சார். இதுக்கு மேல அதுங்க என்ன சொல்லணும்?"

எனக்கும் அது புரிந்தது. ஆனால் படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று 'பெற்றுக்கொண்டார்', மற்றது 'வீட்டில் இல்லை'. நாற்பத்து மூன்று முறை 'வீட்டில் இல்லை' என்று எழுதினேன்.

நான்கு மணிக் கூட்டம் நான்கு நாற்பதுக்குத் தொடங்கியது. தலைவரின் கார் தண்ணீரில் நின்றுவிட்டது. தலைவர்தான் ஏரிக்கும் பிரதிநிதி. மீனுக்குப் பிரதிநிதி மீன் கடைக்காரர். மீன்களோடு அன்றாடத் தொடர்பு உள்ளவர் வேண்டும் என்று விதி சொல்கிறது. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பறவைகளுக்குப் பாட்டு டீச்சர். எலிகளுக்குப் பிரதிநிதியாக இருந்த அரிசி வியாபாரி சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்திருந்தார். மதகுக்காரர் சாட்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா உள்ளே வர அனுமதி இல்லாததால் வாசலில், சொட்டச் சொட்ட நின்றிருந்தார்.

நீர்க்கோழி அடைகாப்பதால் நேரில் வர இயலாது. எனவே அலுவலக உதவியாளர் ஒருவர் மதகடியில் உட்கார்ந்து, கூட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்திருந்தார். அந்த அழைப்பை அவையின் ஒலிபெருக்கியில் இணைத்திருந்தோம். மழைச் சத்தமும் தண்ணீர் இரையும் சத்தமும் கூடம் முழுக்கக் கேட்டன. நடுவே 'க்ருக்' என்று ஒரு குரல்.

பாட்டு டீச்சர் கண்ணை மூடித் தலையசைத்தார். "உறுப்பினர் வணக்கம் சொல்றாங்க."

"சார், பதிமூணு அடி நாலு அங்குலம்" என்றது ஒலிபெருக்கி.

"யார் அது?" என்றார் தலைவர்.

"உதவியாளர்" என்றேன்.

"அவர் உறுப்பினர் இல்லை. அவர் சொன்னதைக் குறிப்பில் எழுத வேண்டாம்."

எழுதவில்லை.

தலைவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அன்பார்ந்த உயிர்களே! அவசரம் என்பது மனிதர்களின் நோய். ஏரி என்றைக்காவது அவசரப்பட்டிருக்கிறதா? ஏரியின் பிரதிநிதியாக நான் தினமும் அதைப் பார்க்கிறேன், என் பங்களா மாடியிலிருந்து. என் வீடு மேட்டில் இருப்பதால் ஏரியை முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. கீழே இருப்பவர்களுக்கு அந்தத் தெளிவு வராது. அவர்கள் பயத்தோடு பார்க்கிறார்கள்."

மீன் கடைக்காரர் ஆட்சேபம் தெரிவித்தார். "கதவைத் தொறந்தா மீனுங்க வாய்க்கால்ல அடிச்சுக்கிட்டுப் போயிடும். பொறந்த இடத்தை விட்டு ஒருத்தரை வலுக்கட்டாயமா வெளியேத்தறது அநியாயம். இந்த ஏரியில குத்தகை எடுத்தவன்கிற முறையில எனக்கு மனசு கேக்கல."

"உங்க கடைக்கு வர்ற மீன் மட்டும் விரும்பியா வருது?" என்றார் மதகுக்காரர், தன்னை மறந்து.

"அது அதுங்களோட தனிப்பட்ட முடிவு" என்றார் மீன் கடைக்காரர்.

தலைவர் மதகுக்காரரை எழுப்பி நிறுத்தினார். "நீங்கள் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்."

அவர் கையைப் பிசைந்தார். "ஐயா, கதவை ஒன்றரை அடி தூக்கினாப் போதும். தண்ணி வாய்க்கால் வழியாப் போயிடும், யாருக்கும் சேதம் இல்ல. கூட்டை நான் அலுங்காம எடுத்து மேடையில வச்சிடுவேன். விட்டா கரை போயிடும். கரை போனா பள்ளத் தெரு மொத்தமும் போயிடும். நண்டெல்லாம் கிளம்பிடுச்சு ஐயா. நண்டு சும்மா கிளம்பாது."

"நண்டுகள் தங்கள் கருத்தை அவையில் பதிவு செய்யாமல் வெளியேறிவிட்டன" என்றார் தலைவர். "பொறுப்பற்ற செயல். விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள்."

எந்த முகவரிக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"பதிமூணு ஏழு சார். கரையில ஒரு இடத்துல மண்ணு சரியுது" என்று ஒலிபெருக்கி கத்தியது.

அதுவரை வாசலில் நின்ற அக்கா காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஈரப் புடவை தரையில் கோடு போட்டது.

"மீனுக்கு ஆளு இருக்கு, கோழிக்கு ஆளு இருக்கு. எங்க தெருவுக்குப் பேச இங்க யாரு இருக்கா?"

தலைவர் கனிவாகச் சிரித்தார். "அம்மா, மனிதர்களுக்குத்தான் பேசத் தெரியுமே. அதனால் அவர்களுக்கு இங்கே இடம் ஒதுக்கவில்லை."

"சரி, இப்பப் பேசறேன், கேளுங்க."

"உறுப்பினர் அல்லாதவர் பேசக் கூடாது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அவருடைய தம்பி ஓடிப்போவார். தலைவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எங்க வீட்டுல எலி இருக்கே, அதையாவது கேப்பீங்களா?"

எனக்கு விதிப்புத்தகம் மனப்பாடம். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன். "தலைவர் அவர்களே, விதி பத்தொன்பது. பிரதிநிதி இல்லாத உறுப்பினருக்கு, அவரோடு ஒரே கூரையின்கீழ் வசிப்பவர் தற்காலிகப் பிரதிநிதியாகலாம்."

தலைவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் விதி விதிதான். அக்காவை வலது கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கினோம். 'எலியாகிய உறுப்பினரின் நலனையன்றி வேறெதையும் கருத மாட்டேன்' என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எலியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றே பேசினார்.

"எலிங்க சார்பா பேசறேன். பள்ளத் தெருவுல நாப்பத்தியோரு வீடு. எல்லாத்துலயும் நாங்க இருக்கோம். எங்களுக்கு நீந்தத் தெரியும், எங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. மூணாவது வீட்டுல ஒருத்தர் விழுந்து இடுப்பு உடைஞ்சு படுத்திருக்காரு, நாலு பேர் தூக்கினாத்தான் வெளிய வர முடியும். ஏழாவது வீட்டுல பொறந்து பன்னெண்டு நாளான குழந்தை. இஸ்திரிக் கடையில ஊர்த் துணியெல்லாம் மூட்டையா கிடக்கு. உங்க வெள்ளைச் சட்டை மூணு அதுல இருக்கு, தலைவரே. இந்த மனுஷங்க இல்லேன்னா எங்களுக்குச் சாப்பாடு இல்ல. அதனால இவங்க உயிரோட இருக்கணும்னு எலிங்க ஆசைப்படுது. கதவைத் தொறங்க."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. நான் அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். இப்போது அவர் உறுப்பினர், எழுதலாம். அந்தப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து கோணலாக இருக்கும்.

"உருக்கமான உரை" என்றார் தலைவர். "எலியின் சம்மதம் பதிவாகட்டும். இனி ஓட்டெடுப்பு. முதலில் ஏரி."

எல்லோரும் ஏரியின் குடுவையைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசாமல் இருந்தோம். ஓட்டெடுப்பு நிமிடங்களில் இருமவும் கூடாது. குடுவையில் தண்ணீர் அசையவில்லை. அதே ஏரி ஒலிபெருக்கியில் இரைந்துகொண்டிருந்தது, ஆனால் அது நீர்க்கோழிக்கான இணைப்பு.

"மறுப்பு" என்றார் தலைவர். "அடுத்து மீன்."

மீனுக்கு மூன்று நிமிடம். தொட்டியில் இருந்த மீன் ஒரு மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அது வேண்டாம் என்ற பொருளில் திரும்பியதாகக் கடைக்காரர் சொன்னார்.

அப்போது ஒலிபெருக்கியில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது. கடகடவென்று, இரும்பு அதிரும் சத்தம். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தண்ணீர் முட்டி மதகுக் கதவு அதிர்கிறது என்று மதகுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் மெல்ல எழுந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை லேசாக அசைத்தார். மதகுக்காரர் பின்கதவு வழியாக வெளியேறினார். ஐந்து முப்பத்தொன்று. மதகுக்கு ஓடினால் ஒன்பது நிமிடம்.

அந்த ஒன்பது நிமிடமும் இங்கே வீணாகவில்லை. மூன்று நிமிடங்களை எந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவது என்று விவாதித்தோம். பறவைகளுக்கு நேரம் வேறு மாதிரி ஓடுவதாகப் பாட்டு டீச்சர் கருதினார். மீன் கடைக்காரர் தேநீர் கேட்டார். சுவர்க் கடிகாரமே போதும் என்று கடைசியில் முடிவானது. எனக்குத் தெரிந்து இரண்டு வருடத்தில் அவை எடுத்த முதல் முடிவு அதுதான்.

"இனி நீர்க்கோழியின் ஓட்டு" என்றார் தலைவர். "மூன்று நிமிடம். யாரும் பேசக் கூடாது."

ஐந்து நாற்பது.

ஒலிபெருக்கியில் மழை. தண்ணீர். அதிரும் இரும்பு. அப்புறம் சேற்றில் ஓடி வரும் காலடிச் சத்தம்.

"அண்ணே, வேண்டாம்ணே! அரக்கு முத்திரை இருக்கு, வேலை போயிடும்ணே" என்று உதவியாளரின் குரல்.

"லைட்டைக் காட்டுடா" என்றது மதகுக்காரரின் குரல், மூச்சு வாங்க. "அந்த ஜல்லடையை எடு. ம்... வாம்மா. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். எந்திரி."

தலைவர் வாயைத் திறந்தார். ஓட்டெடுப்பு நடக்கிறது என்று நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய விதி அவரைக் கட்டிப்போட்டு உட்காரவைத்த ஒரே சமயம் அதுதான்.

'க்ருக்! க்ருக்!' என்று நீர்க்கோழி கத்தியது. சிறகடிப்பு. கல்லால் பூட்டை அடிக்கும் சத்தம், ஒன்று, இரண்டு, நான்கு. சங்கிலி சரிந்து விழுந்தது. பிறகு சக்கரம் சுற்றும் சத்தம். அது சுற்றச் சுற்ற மதகுக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகினார். கூடத்தில் நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் கண்ணை மூடி, உதட்டை அசைத்துச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தண்ணீர் பெருமூச்சோடு வாய்க்காலில் பாய்கிற ஓசை கேட்டது.

மூன்று நிமிடம் முடிந்தது.

"இது... இது சட்ட விரோதம்!" என்று தலைவர் குதித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைத் துடைத்து, யோசித்தார். "முதலில் ஓட்டு. உறுப்பினர் என்ன சொன்னார்?"

பாட்டு டீச்சருக்கு வியர்த்தது. "ரெண்டு தடவை சொன்னாங்க. முதல் தடவை சுரம் மேல போச்சு, ரெண்டாவது கீழ வந்துச்சு. கொஞ்சம் யோசிக்கணும்."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் உதவியாளர் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிமூன்று ஒன்பதில் நின்றது. பதிமூன்று எட்டு. கரையில் மண் சரிவது நின்றுவிட்டது. அளவு இறங்க இறங்க டீச்சரின் முகம் தெளிந்தது.

"சம்மதம்" என்றார். "சந்தோஷமா சம்மதிச்சாங்க."

நண்டுகள் கூட்டத்துக்கு வரவில்லை, மரங்கள் முதல் வருடத்தோடு முடிந்துவிட்டன. ஆக இரண்டுக்கு இரண்டு. தலைவர் தன்னுடைய கூடுதல் ஓட்டைத் திறப்பதற்குச் சாதகமாகப் போட்டார். மதகைத் திறப்பது என்று அவை தீர்மானித்தது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

பள்ளத் தெருவில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர்தான் நின்றது. இடுப்பு உடைந்தவர் கட்டிலிலேயே தூங்கினார். மறுநாள் பொறியாளர் வந்து கரையைப் பார்த்தார். ஒரு பேருந்து நீளத்துக்கு மண் சரிந்திருந்தது. மதகைத் திறக்காமல் இருந்திருந்தால் அதிகபட்சம் இன்னும் பத்து நிமிடம் தாங்கியிருக்கும் என்றார்.

தலைவர் நிருபர்களைக் கூட்டினார். "உலகத்தில் முதன்முறையாக ஒரு நீர்க்கோழியின் ஓட்டு ஒரு தெருவைக் காப்பாற்றியிருக்கிறது" என்றார். நீர்க்கோழியின் படத்தோடு அவர் படம் வந்தது. அவர் படம் கொஞ்சம் பெரிது.

அன்று பிற்பகல் என்னைக் கூப்பிட்டு மதகுக்காரரின் வேலை நீக்க உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

"அவர்தானே திறந்தார்?" என்றேன்.

"திறந்தது சரி. அவை சம்மதிப்பதற்குப் பதினொரு நிமிடம் முன்னால் திறந்தது தவறு. குறிப்பில் என்ன நேரம் இருக்கிறது?"

குறிப்பின் சுத்தப்பிரதி என் மேசையில் பாதி எழுதியபடி இருந்தது. சம்மதம் பதிவான நேரம் என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. நான் ஐந்து நாற்பது என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீர்க்கோழி கத்தியது அப்போதுதானே. ஓர் எண், ஒரு மனிதரின் சோறு. நான் ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். பயமா, பழக்கமா என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மையைத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

உத்தரவை மதகுக்காரரிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதகு மேடையில், மணல் சலிக்கும் ஜல்லடையில் கூடு அப்படியே இருந்தது. நீர்க்கோழி அதன்மேல் உட்கார்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"படிவத்துல எழுதாம இருந்திருக்கணும், இல்ல சார்?"

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானம் மட்டும்தான் பொருள். தலைவருக்கு மாலை, டீச்சருக்குச் சால்வை. தற்காலிகப் பிரதிநிதியின் பதவிக்காலம் ஆறு மாதம் என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். எலியின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தார். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார்.

"எலிங்க சார்பா ஒரே ஒரு கேள்வி. என் தம்பி உங்க சம்மதம் வர்ற வரைக்கும் பதினோரு நிமிஷம் காத்திருந்திருக்கணும்னு எழுதியிருக்கீங்க. கரை பத்து நிமிஷம்தான் தாங்கும்னு பொறியாளர் எழுதியிருக்காரு. அப்ப எங்க தெருவுல யாரெல்லாம் செத்திருக்கணும்? பேரைச் சொல்லுங்க. இவரு குறிப்புல எழுதிக்கட்டும்."

தலைவர் மாலையைத் தடவினார். டீச்சர் சால்வையைப் பார்த்தார். மீன் கடைக்காரர் தொட்டிக்குள் இருந்த மீனைப் பார்த்தார். அக்கா என்னையும் பார்த்தார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மூன்றாவதும் போனது. யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான்.

உறுப்பினர் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று எழுதாமல் குறிப்பை முடிக்க முடியாது. பக்கத்தைத் திருப்பினேன். 'பேச இயலாதவர்கள்' என்ற பட்டியலில் ஏரி, மீன், நண்டு, நீர்க்கோழி, எலி என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதன் கீழே தலைவர் என்று எழுதினேன். அதன் கீழே அக்காவைத் தவிர மற்றப் பிரதிநிதிகளை எழுதினேன். கடைசியில் 'குறிப்பெழுத்தர்' என்று எழுதி, நேரத்தைச் சரியாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.